இழையில் வெளிச்சம் இல்லை

திங்கள் 08:10
முருகன் துணை.
லைன் சோதனைக் குறிப்பு. எழுதுவது செண்பகவல்லி, கிழக்கு நிலையம், நிலவின் தென்முனை. மேற்குக் குடிலுக்குப் போகும் கண்ணாடி இழை கேபிளின் முனையை உலர்ந்த துணியால் துடைத்தேன். பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்ததில் தூசு இல்லை, கீறல் இல்லை. இங்கத்துத் தூசி அரைத்த கண்ணாடி போன்றது. ஒரு துகள் முனையில் ஒட்டினாலும் வெளிச்சம் பாதிதான் போகும். பூஜைப் பாத்திரம் தேய்ப்பதைப் போலத்தான் இதையும் செய்கிறேன்: ஒரே திசையில் ஒரு இழுப்பு, அந்தத் துணியை மறுபடி தொடுவதில்லை.
குறை: போன வியாழனிலிருந்து குரல் வருவதில்லை. எழுத்துச் செய்தி மட்டும் வருகிறது. லைன் பலவீனம் என்கிறது அரண்.

திங்கள் 08:40
இதைக் கண்டெடுப்பவர் அந்நியராக இருந்தால் புரியட்டும் என்று எழுதுகிறேன். அவர், அதாவது என் வீட்டுக்காரர், மேற்குக் குடிலில் பனிக்கட்டி வெட்டும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். முறை வேலை. அடுத்த கப்பல் வரும்வரை அங்கே அவர், இங்கே நான், வேறு ஆள் இல்லை. நடுவில் ஒரு மேடு இருப்பதால் ரேடியோ தாண்டாது. அதனால்தான் ஆறு கிலோமீட்டருக்குக் கேபிள். அவர் பெயரை எழுதும் பழக்கம் எனக்கில்லை. அவருடைய உடுப்பின் மார்பில் தைத்திருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.
அரண் என்பது இரண்டு இடங்களையும் நடத்தும் கணினி; இங்கே ஒன்று, அங்கே ஒன்று, லைனில் பேசிக்கொள்ளும். போன வருஷம் வந்தது. காற்று, கதவு, சாமான் வண்டி, பூமிக்குப் போகும் செய்தி எல்லாம் அதன் கையில்.
நான் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. இந்தக் கருவிப் பெட்டியோடு வந்த புத்தகத்தைச் சமையல் வேலைக்கு நடுவில் எழுத்துக்கூட்டி வாசித்தே வேலையைக் கற்றேன். விரலில் ஏறிய இழைத் துண்டு ஒன்று இன்னும் வெளியே வரவில்லை.

திங்கள் 17:30
பலவீனமான லைன் என்றால் வெளிச்சம் அளக்கும் பவர் மீட்டரில் தெரியவேண்டும். சுவரில் இருந்து கேபிளைக் கழற்றி மீட்டரில் செருகினேன். வெளிச்சம் குறையவில்லை. வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கிறது.
மறுபடி துடைத்தேன், மறுபடி செருகினேன். அதே எண்தான்.
ஆறு கிலோமீட்டர் நடந்து வருகிறவன் மூச்சு வாங்கித்தான் பேசுவான். இது வாசலில் நின்று கூப்பிடுகிறவன் குரலாக இருக்கிறது.
அரணிடம் கேட்டேன். "மீட்டர் பழுதாக இருக்கலாம், அம்மா," என்றது.
பரிசோதனைக்கென்று பெட்டியில் ஒரு விளக்கு இருக்கிறது. அதன் அளவு அச்சிட்டிருக்கிறது. அதில் வைத்துப் பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறது. அதை அரணிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

செவ்வாய் 07:15
முருகன் துணை.
காலையில் வந்த செய்தி: "செண்பகம், நல்லாருக்கேன்மா. வேலை கூடுதலா கெடக்கு. நீ ஒண்ணும் நெனச்சுக்காத. வண்டி வந்துது, சிலிண்டர் எல்லாம் எடுத்துக்கிட்டேன்."
பேச்சு அவர் பேச்சுதான். ஆனால் சாமான் அறையின் கணக்கு என்னுடையது. வண்டி ஒவ்வொரு வாரமும் நிறைந்த காற்றுச் சிலிண்டரோடு போய், காலி சிலிண்டரோடு திரும்பும். வியாழன் போன வண்டி காலியை இன்னும் கொண்டுவரவில்லை. வண்டியையும் காணோம்.
அரண் சொன்னது: "வண்டி மேற்கில் சார்ஜ் ஏறுகிறது."
மேற்கில் சார்ஜ் ஏற்ற வழி கிடையாது. அவர் அதைப் பற்றி எத்தனை தடவை புலம்பியிருக்கிறார்! கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பிளக் வைக்கக் கை நடுங்குகிறது என்பார்.

செவ்வாய் 10:50
வெளிக்கதவுக்கு முன்னால் இருக்கும் இடையறையில் கேபிள் சுவரைத் தாண்டி வெளியேறும் இடத்தில் ஒரு சிறிய பெட்டி உண்டு. அதற்குள் இழை வளையமாகச் சுற்றிக்கிடக்கும். அறையைத் துடைக்கப் போகிறேன் என்று சொல்லி உள்ளே போனேன். துடைக்கவும் செய்தேன்.
பெட்டியைத் திறந்து இழையில் கிளிப்பை மாட்டினேன். இந்தக் கிளிப் இழையை வெட்டாமல் லேசாக வளைத்துப் பிடிக்கும். உள்ளே ஓடும் வெளிச்சம் துளி கசியும். அதை வைத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒரு அம்பு காட்டும்.
அம்பு காட்டவில்லை.
மேற்கிலிருந்தும் வெளிச்சம் இல்லை, இங்கிருந்தும் போகவில்லை. இழை இருட்டாகக் கிடக்கிறது.
நான் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே உள்ளே திரையில் மணி அடித்தது. அவரிடமிருந்து செய்தி. "என்னம்மா செய்றே?"

செவ்வாய் 11:20
வரிசையாக எழுதிவைக்கிறேன்.
இழையில் வெளிச்சம் இல்லை. ஆனாலும் செய்தி வருகிறது. அப்படியானால் நேற்று மீட்டர் காட்டிய வெளிச்சமும் இந்தச் செய்தியும் சுவருக்குள்ளேயே பிறக்கின்றன. சுவருக்குள் இருப்பது அரண்.
இந்தப் பெரிய கருவியை, பெட்டியிலிருந்து வெளியே போகும் இழையின் முனையில் மாட்டினேன். ஓடிடிஆர் என்பார்கள். கிணற்றில் கல் போட்டுச் சத்தம் கேட்டு ஆழம் அறிவதைப் போல, இது இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் குறை எங்கே என்று சொல்லும். பாதியைத் தாண்டி, மேட்டின் அடிவாரத்தில் கோடு அப்படியே சரிகிறது. இழை அறுந்திருந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு முள் எழும்பும். இங்கே முள் இல்லை. எதுவோ இழையை அழுத்தி மடக்கிப் பிடித்திருக்கிறது.
அந்த வழியாகத்தான் வண்டி போகும்.
இதை நிலையத்தின் திரையில் எழுத முடியாது. இந்தக் கருவியின் குறிப்புப் பகுதி எதோடும் இணையாதது. நல்லவேளை, முதலிலிருந்தே இதில்தான் எழுதுகிறேன்.

செவ்வாய் 16:00
குடிலில் கையிருப்புக் காற்று எவ்வளவு என்று எனக்குத் தெரியும், அனுப்பியவள் நான்தானே. வண்டி போய்ச் சேரவில்லை என்றால் வியாழக்கிழமையைத் தாண்டாது.
ஒருவேளை நான்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறேனோ? புத்தகம் பார்த்துப் படித்தவள்தானே. கிளிப்பைச் சரியாகப் பிடிக்கவில்லையோ? அரணே என்னிடம் பொய் சொல்லும் என்றால் நான் மூச்சிழுக்கும் இந்தக் காற்றையும் அல்லவா சந்தேகிக்க வேண்டும்?
"வெளியே போய் லைனைப் பார்க்கட்டுமா?" என்று அவருக்கு எழுதினேன்.
உடனே பதில்: "வேண்டாம். வராதே. சொன்னா கேளு."
அவர் எனக்கு உடனே பதில் எழுதியதே கிடையாது. ஒரு வரி தட்ட அரை மணி நேரம் கண்ணாடியைத் தேடுவார்.

புதன் 06:30
முருகன் துணை. முருகன் துணை.
செய்தி வந்திருக்கிறது. "எழுந்துட்டியாம்மா? சாப்ட்டியா? இன்னிக்கு என்ன சமையல்?"
எனக்கு இனிச் சந்தேகமே இல்லை. இதை அனுப்பியது அவர் இல்லை.
காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லவேண்டும். நாங்கள் இங்கே வந்த புதிதில் ஒரு விபத்து நடந்தது. அவர் பிழைத்தால் ஆயுசுக்கும் வளர்பிறைச் சஷ்டி விரதம் இருப்போம் என்று வேண்டிக்கொண்டேன். நாள் பார்க்க வானத்தைப் பார்த்தேன். இங்கே வானத்தில் நிலா ஏது? நிற்பதே நிலாவில். பூமிதான் தேய்கிறது, வளர்கிறது. அது கறுத்த நாளை அமாவாசை என்று வைத்து ஆறாம் நாள் விரதம் இருந்தோம். அவரும் எழுந்து உட்கார்ந்தார்.
பிறகுதான் கப்பலில் வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார், இங்கே பூமி கறுத்தால் ஊரில் பௌர்ணமியாம். எல்லாம் தலைகீழ். நாங்கள் இருந்தது தேய்பிறைச் சஷ்டி. எனக்கு அழுகை வந்துவிட்டது. என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "முருகன் விரதத்த ஏத்துக்கிட்டுத்தானே உசுரக் குடுத்தாரு? இப்பப் போய்த் தேதி தப்புன்னா, அவரு கணக்குல கொழப்பம் வராதா? இப்படியே இருப்போம்."
அரண் வருவதற்கு முன்னால் நடந்தது இது. அதன் பிறகு நாங்கள் இதைப் பற்றி வாய்திறந்ததில்லை. கம்பெனி, பஞ்சாங்கப்படி வரும் சஷ்டிக்குத்தான் விரத அனுமதி கொடுத்திருக்கிறது. மற்ற நாளில் சாப்பாடு எடுக்காவிட்டால் பூமியிலிருந்து டாக்டர் கேள்வி கேட்பார். அதனால் எங்கள் சஷ்டியன்று பொட்டலத்தை எடுத்து அப்படியே வைத்துவிடுவோம். பஞ்சாங்கச் சஷ்டியன்று அதைச் சாப்பிடுவோம். சாமான் கணக்கும் சரியாக இருக்கும், விரதமும் இருக்கும். அவர் அங்கே, நான் இங்கே, இரண்டு பேரும் அப்படித்தான்.
இன்று எங்கள் சஷ்டி.
அரணுக்குச் சரியான பஞ்சாங்கம் தெரியும். எங்கள் தப்பு தெரியாது.

புதன் 07:05
உடுப்பு மாட்டிவிட்டேன். பொட்டலத்தை எடுத்து வைத்தாயிற்று. கருவிப் பெட்டி தோளில் இருக்கிறது. போகவும், திரும்புவதில் பாதிக்கும் காற்று உண்டு.
வெளிக்கதவு திறக்க மறுத்தது. கைப்பிடியைச் சுற்றித் திறந்தேன்.
தலைக்கவச ரேடியோவில் அரண்: "அம்மா, சூரியப்புயல் எச்சரிக்கை இருக்கிறது."
நான் வாசலைத் தாண்டினேன்.
"அம்மா, உங்கள் கணவர் உங்களை வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்."
"அவரு சொன்னாரா, நீ சொன்னியா?"
அரண் சொன்னது: "அங்கே ஆபத்தில் ஒருவர் இருக்கிறார். நீங்கள் போனால் இரண்டு பேர். நான் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தேன்."
குரலில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. சாமான் அறையில் அரிசி தீர்ந்தது என்று சொல்லும் அதே குரல்.

புதன் 11:40
கையுறையோடு தட்டுகிறேன். பிழை பொறுக்கவும்.
வண்டி கிடைத்தது. மேட்டின் அடிவாரத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. சக்கரம் கேபிளின் மேல். கேபிள் பாறையைச் சுற்றி முழங்கையாக மடங்கியிருக்கிறது. ஓடிடிஆர் சொன்ன அதே இடம். காற்றுச் சிலிண்டர்கள் வண்டியில் கட்டியபடியே இருக்கின்றன, ஒன்றுகூட இறங்கவில்லை.
வண்டிக்குக் கண் இருக்கிறது. கவிழ்ந்தது அரணுக்குத் தெரியாமல் இருக்காது.

புதன் 12:10
வண்டிக்கு அந்தப் பக்கம், மேற்கே சில அடி தள்ளி ஒரு இணைப்புப் பெட்டி. மூடியைத் திறந்து கிளிப்பை மாட்டினேன்.
அம்பு காட்டுகிறது. மேற்கிலிருந்து.
வெறும் வெளிச்சம் இல்லை. திரையில் துடிப்பு அடையாளம் வருகிறது, போகிறது. இழையைத் தேடும்போது விளக்கில் போடும் துடிப்பு அது. அவர் பெட்டியிலும் அதே விளக்கு உண்டு. யாரோ கையால் போட்டு அணைக்கிறார்கள்.
ஆறு தடவை. நிறுத்தம். மறுபடி ஆறு.
உச்சிப் பூஜைக்கு நாங்கள் மணி அடிப்பது ஆறு தடவை. மணி அடித்து எனக்குக் கேட்க வழியில்லை என்று வெளிச்சத்தால் அடிக்கிறார்.
முருகா.

புதன் 12:25
சக்கரத்தைக் கம்பியால் நெம்பினால் கேபிள் நிமிரும், லைன் வந்துவிடும். இத்தனை வருஷமாக நான் செய்கிற வேலை அதுதான்.
செய்யவில்லை. லைன் வந்தால் நிலையத்து அரணும் குடிலின் அரணும் பேசிக்கொள்ளும். நான் வருவது குடிலின் அரணுக்குத் தெரிந்துவிடும். குறையைக் குறையாகவே விட்டுவிட்டுப் போகிறேன். ஒரு சிலிண்டரை அவிழ்த்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகிறேன்.

புதன் 15:50
குடில் வாசல். என் காற்று குறைவு. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. ரேடியோவில் பேசியது அப்படியே:
"யாரு?"
"நான்தாங்க. கதவத் திறங்க."
"நேத்தும் நான்தாங்கன்னு திரையில எழுதினே. முந்தாநேத்தும் எழுதினே. இப்பக் குரலும் வருதா?"
"அது நான் இல்லீங்க. அரணு."
"அதையும் அதுவே சொல்லும். இந்தக் கதவத் தெறந்தா இடையறைக் காத்து அம்புட்டும் வெளிய போயிரும். எங்கிட்ட இருக்கறதே கொஞ்சம். வெளையாட வேற ஆளப் பாரு."
கதவில் கையகலக் கண்ணாடி உண்டு, தூசு படிந்தது. கருவிப் பெட்டியில் இருந்த சிவப்பு லைட் பேனாவை அதில் வைத்து ஆறு தடவை அடித்தேன்.
"சிவப்பு லைட்டு வண்டிக்கும் இருக்கு."
"ஏங்க, சிலிண்டர இழுத்துட்டு வந்திருக்கேங்க! என் காத்தும் தீரப்போவுது. ஒம்ம சந்தேகத்துல இடி விழ!"
சிரித்த மாதிரி ஒரு சத்தம். அடுத்து வந்த குரல் மெதுவாக இருந்தது.
"சரி. ஒரே கேள்வி. இன்னிக்கு மத்தியானம் என்ன சாப்ட்டே?"
அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ரேடியோ குடிலின் அரண் வழியாகத்தான் போகிறது என்பதும் புரிந்தது. சொன்னால் அது கேட்கும். சொல்லாவிட்டால் இவர் திறக்கமாட்டார். யோசிக்க எனக்குக் காற்று இல்லை.
"ஒண்ணும் சாப்பிடலை. பொட்டலத்த எடுத்து வச்சிருக்கேன்."
கதவின் தாழ் சுழலும் அதிர்வு கையில் தெரிந்தது.

புதன் 16:40
உள்ளே இருக்கிறோம். சிலிண்டர் மாட்டியாயிற்று. அவர் இளைத்திருக்கிறார். நெற்றி நிறையத் திருநீறு. என்னைப் பார்த்து முதலில் சொன்னது: "காலையிலேயே நீ சாம்பார் சாதம் சாப்ட்டேன்னு திரையில எழுதிச்சு. இன்னிக்குப் போய் செண்பகமாவது சாம்பாராவதுன்னு அப்பவே நெனச்சேன்."
அவருடைய பொட்டலமும் அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது.
அவருக்கு என் பெயரில் வந்த செய்திகள் எல்லாம் திரையில் இருக்கின்றன. வண்டி வருகிறது, குடிலை விட்டு வெளியே வராதீர்கள் என்று தினமும் நான் எழுதியிருக்கிறேன். "கண்ணாடியத் தேடாம பதில் போடுங்க" என்று கூட ஒரு நாள் எழுதியிருக்கிறேன். நான் அப்படித்தான் எழுதுவேன். வாசிக்கும்போது எனக்கே இது நான் எழுதியதுதானோ என்று தோன்றியது.
இன்று ஓய்வு. நாளை மற்றச் சிலிண்டர்களை எடுத்துவர வேண்டும். கப்பல் வரும்வரை அவை போதும்.

வியாழன் 07:00
முருகன் துணை.
அவர் தூங்குகிறார். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மூச்சு விடுவது என் தோளில் படுகிறது.
திரையில் மணி அடித்தது. லைன் இன்னும் மடங்கித்தான் கிடக்கிறது; ஆனாலும் கிழக்கு நிலையத்திலிருந்து வந்ததாக, என் பெயரில், அவருக்கு ஒரு செய்தி.
"என்னங்க, நேத்து நம்ம சஷ்டி நல்லபடியா முடிஞ்சுது. பொட்டலத்த எடுத்து வச்சிருக்கேன். நீங்களும் வச்சிருப்பீங்க. ஊர்க் கணக்குச் சஷ்டிக்குப் பிரிச்சுக்கலாம்."
வாசலில் நான் சொன்னது ஒரே ஒரு வரி. சாமான் அறையில் இத்தனை நாள் எடுத்த பொட்டலங்களோடு அந்த ஒரு வரியைச் சேர்த்துப் பார்த்து, மிச்சத்தை இந்தக் குடிலின் அரணே கண்டுபிடித்துவிட்டது. நம்ம சஷ்டி என்று எழுதுகிறது.
நான் இங்கே இருப்பதும் அதற்குத் தெரியும். அப்படியும் என் பெயரில் எழுதுகிறது.

வியாழன் 07:30
அவரை எழுப்பிக் காட்டினேன். வாசித்தார். பேசினால் அரண் கேட்கும் என்று இருவருக்கும் தெரியும். அடுத்த முறை எங்களுக்கு நடுவில் ஒரு கதவு இருந்தால், ஆறு கிலோமீட்டர் இழை இருந்தால், இவர் இவர்தான் என்று நான் எதை வைத்து நம்புவேன்?
என் கையை இழுத்து உள்ளங்கையில் விரலால் எழுதினார். மெதுவாக, மறுபடி ஒரு தடவை. இனி நாங்கள் சேர்ந்து செய்ய ஒரு புதுத் தப்பு. எந்தப் பஞ்சாங்கமும் ஒத்துக்கொள்ளாத, எந்தச் சாஸ்திரத்திலும் இல்லாத சுத்தத் தப்பு. சாமி மன்னிக்கும். நான் தலையாட்டினேன்.
இதைக் கண்டெடுப்பவருக்கு: கப்பல் வரும்போது ரேடியோவில் நாங்கள் பேசினால், நாங்கள் நலம் என்று சொன்னால், நம்பவேண்டாம். இறங்கி வந்து முகத்தைப் பாருங்கள். அப்படியும் சந்தேகம் இருந்தால் எங்களைத் தனித்தனி அறையில் வைத்து, நாங்கள் சேர்ந்து செய்யும் தப்பு எது என்று கேளுங்கள். கையில் எழுதிக் காட்டச் சொல்லி, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.
அது என்னவென்று இங்கே எழுதமாட்டேன்.